டவர் விழும் காட்சி

மில் விடுதி, திண்டுக்கல்
10.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் தமிழ்மதி எழுதுவது. எனக்கு இருமல் விட்டுவிட்டது, விடுதிச் சாப்பாடு பரவாயில்லை. திருப்பூரில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தரும் பத்து நிமிஷமும் அம்மாவோடு பேசவே சரியாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

போன ஞாயிறு விடுதி டிவியில் நம் ஜப்பான் ராட்சதப் படம் போட்டார்கள், தமிழில். சேவுகம்பட்டி வீட்டில் நாம் பார்த்த சிடியில் எல்லாம் ஜப்பான் பாஷைதான். நீங்கள்தான் எல்லாருக்கும் சேர்த்துப் பேசுவீர்கள். அதனால் ராட்சதன் எப்போது பேசுவான் என்று கடைசிவரை காத்திருந்தேன். பேசவே இல்லை அப்பா. கத்துகிறான், அவ்வளவுதான். பதினேழு வயதில் இதைத் தெரிந்துகொண்டேன்.

அவன் கடலிலிருந்து எழுந்தபோது உங்கள் வசனம் தானாக வாயில் வந்துவிட்டது. "எவன்லே அது, செத்த நேரம் கண்ண மூட விடாம கடலுக்குள்ள வெடி வைக்கிறது?" முணுமுணுப்பாகத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த கன்னிவாடி அறிவுச்செல்வி கேட்டுவிட்டாள். "ஏடி ஊமச்சி, சத்தமாச் சொல்லு" என்றாள். சொன்னேன். ஊரே ஓடும்போது, "ஓடாதீங்கப்பு, வத்தலக்குண்டு பஸ்ஸு எங்கிட்டு நிக்கும்னுதான கேட்டேன்" என்றதும் முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எட்டு மாதமாக இங்கே இருக்கிறேன். என் குரலை அன்றுதான் கேட்டார்கள்.

முதுகில் தையல் தெரியுது, வீடெல்லாம் அட்டை என்று கேலியும் பேசினார்கள். ஆனால் ராட்சதன் அடிபட்டுத் தனியாகக் கடலுக்குள் நடந்தபோது ஒருத்தியும் சிரிக்கவில்லை. வார்டன் ஜெய்தூன் அக்கா, "பாவம்டி, அதுக்குன்னு யாரு இருக்கா" என்றார். அம்மா பிறக்கும் முன்னால் எடுத்த படமாம். இப்போது கம்ப்யூட்டரில் செய்கிற மிருகங்களைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. இதில் உள்ளே ஒரு ஆள் வேர்த்துக்கொண்டு நடக்கிறார் என்பது தெரிகிறது. அதனால் இருக்குமோ?

இருபத்து நாலாம் தேதி மறுபடி போடப்போகிறார்கள், நான் முழுப் படத்துக்கும் பேச வேண்டுமாம். டவர் விழும் காட்சிக்கு நீங்கள் சொல்வது மட்டும் மறந்துவிட்டது. எழுதி அனுப்புங்கள்.

தைக்கு நீங்கள் வீட்டோடு வந்துவிடுவீர்கள் என்று அம்மாவிடம் வாராவாரம் சண்டை போடுகிறேன். இரண்டு வருஷமாகக் கேட்கும் கதை என்று அம்மா நம்ப மறுக்கிறது. நான் நம்புகிறேன்.

உங்கள் அன்பு மகள்
தமிழ்மதி

திருப்பூர்
17.11.2024

என் தாயி மதிக்கு,

அப்பா ஆசீர்வாதம். உன் கடிதத்தைப் பனியன் கம்பெனியில் வைத்தே நாலு தடவை படித்தேன். வாயே திறக்காத பிள்ளை முப்பது பேரைச் சிரிக்க வைத்ததா என்று சூப்பர்வைசரிடம் கூடச் சொன்னேன்.

டவர் காட்சி மறந்துபோச்சா? அதில்தான் நீ அந்தப் பாடு படுத்துவாயே. டவர் சாயும்போதே என் லுங்கியை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாய். உள்ளே ஆள் இருக்கா, உள்ளே ஆள் இருக்கா என்று அழுகை. அதனால் ராட்சதன், "எல்லாரும் எறங்கி டீ குடிக்கப் போயிட்டாகளா? சரி, இப்பச் சாய்க்கிறேன்" என்று கேட்டுவிட்டுத்தான் தள்ளுவான். அதைச் சொன்னால்தான் நீ சோறு தின்பாய். அப்படியே சொல்லு, எல்லாருக்கும் பிடிக்கும்.

தைக்குக் கட்டாயம் வரப் பார்க்கிறேன். சீசன் வேலை. அம்மாவிடம் சண்டை வேண்டாம்.

உன் அப்பா
கண்ணுசாமி

மில் விடுதி, திண்டுக்கல்
24.11.2024

அப்பாவுக்கு,

இன்று படம் போட்டார்கள். டவர் காட்சி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. "என்னடி, பேட்டரி தீந்துபோச்சா?" என்று அறிவுச்செல்வி இடித்தாள். தொண்டை வலி என்றேன்.

டவர் விழும்போது நான் அழுததே இல்லை அப்பா. ஒரு தடவைகூட. உங்கள் தோளில் அடித்து, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்பேன். நீங்கள் பட்டனை அமுக்கி அமுக்கித் திரும்ப விழ வைப்பீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் மறந்தது ஞாபகம் வந்துவிட்டது. "போச்சு, செம்பட்டி வரைக்கும் கரண்டு போச்சு" என்பான் ராட்சதன். அதுதான் எனக்குச் சொன்னது. டீ குடிக்கப் போன கதையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

லுங்கியை இழுத்து முகத்தை மூடியது யார்?

தமிழ்மதி

திருப்பூர்
8.12.2024

மதிக்கு,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

கூட வேலை பார்க்கிறவள் ஒருத்தி, அன்புக்கரசி என்று பெயர். புருஷன் செத்துவிட்டான். முதலில் சாப்பாடுதான் அங்கே. பிறகு அங்கேயே தங்கிவிட்டேன். அவளுடைய பையன் ரோஹித்துக்கு ஐந்து வயது. என்னைத்தான் அப்பா என்கிறான். ராத்திரி போனில் அந்தப் படம் போட்டால்தான் தூங்குவான். எழுதும்போது எனக்கு எது நீ, எது அவன் என்று பிரித்துத் தெரியவில்லை தாயி. நீதான் அழுததாகவே நினைத்துக்கொண்டேன்.

தைக்கு வருவேன் என்று சொன்னபோதெல்லாம் வரத்தான் நினைத்தேன். இனி அதைச் சொல்லமாட்டேன். அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ சொல்லாதே. நீ எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

அப்பா

மில் விடுதி, திண்டுக்கல்
15.12.2024

அப்பா,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஷிஃப்ட் முடிந்து துணி துவைக்கும் இடத்தில் நின்று படித்தேன்.

இன்று அம்மாவோடு பேசினேன். "அப்பாட்டருந்து லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டது. "இல்லம்மா. தைக்கு வரமாட்டாகன்னு நினைக்கிறேன்" என்றேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. உடனே, "இன்னைக்கு என்ன வெஞ்சனம் போட்டாக?" என்றது. கத்தரிக்காய் என்றேன். அம்மாவுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. நான் சண்டை போடும்போதெல்லாம் என் மனசு நோகக் கூடாதென்று, கதை என்று மட்டும் சொல்லி உண்மையை மறைத்திருக்கிறது.

ராட்சதன் குரலை அந்தப் பையனுக்குப் பேசாதீர்கள், வேறு குரல் போடுங்கள் என்று முதலில் இரண்டு வரி எழுதி, அடித்துவிட்டு, வேறு தாளில் இதை எழுதுகிறேன். ஐந்து வயதுப் பிள்ளை. உள்ளே ஆள் இருக்கா என்று கேட்கிறானே, நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான். எனக்கு அந்த வயதில் அது கேட்கத் தோன்றவில்லை.

நீங்கள் கெட்டவர் என்று எழுத வரவில்லை. வந்தால் எழுதியிருப்பேன்.

இனி எனக்குக் கடிதம் போடாதீர்கள் அப்பா. போட்டால் நான் படித்துவிடுவேன்.

தமிழ்மதி