வெந்நீர்த் தொட்டி

அங்கஸ்,

பக்கத்து வீட்டு மொய்ராவின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பத்து மணிக்கு டிரிப் ஏற்றி வலியை வரவழைப்பார்களாம். மீன் சூப் அடுப்பில் இருக்கிறது. சுடவைத்துக் குடித்துவிட்டு வா. வண்டிச் சாவி ரொட்டி டப்பா மேல்.

இன்றைக்குக்கூட சிங்கி இறால் பொறி தூக்கக் கடலுக்குப் போய்விட்டாய்.

"குழந்தைதான் வயித்துலயே போயிடுச்சே லோர்னா, வலி தெரியாம இருக்க ஊசி போட்டுக்கிட்டுப் படு, எதுக்கு வலிய வாங்கிக்கிற" என்று நேற்று கேட்டாய். அதற்குத்தான் தட்டை எறிந்தேன். பெருக்கிவிட்டேன், ஆனாலும் பூட்ஸைக் கழற்றாதே.

ஊசி வேண்டாம். அவனுக்காக நான் செய்ய மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

அரிசி நிரப்பித் தைத்த சாக்ஸ் மைக்ரோவேவ் பக்கத்தில் இருக்கிறது, எடுத்து வா. முதுகுக்குச் சூடு வைக்க வேண்டும். பிரசவ வகுப்பில் பழகியது போல இடுப்பை இரண்டு பக்கமும் அழுத்த வேண்டும். மொய்ராவுக்கு அந்தப் பலம் கிடையாது. பொறி இழுக்கிற கை வேண்டும். நீ எதுவும் பேச வேண்டாம், அழுத்தினால் போதும்.

நாய் சாப்பிட்டாயிற்று. இல்லை என்று நடிக்கும், நம்பாதே.

பி.கு. "டிரிப் போட்டா குழந்தையோட துடிப்பப் பாக்க பெல்ட் கட்டுவோம், வலி குறைய வெந்நீர்த் தொட்டியில இறங்க முடியாது" என்று வகுப்பில் சொன்ன நர்ஸிடம் சண்டை போட்டேனே, அவள் காலையில் போன் செய்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தொட்டியில் இருக்கலாமாம். பெல்ட் கட்ட மாட்டார்களாம்.