துரைக்கு லீவு கிடையாது

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் துரையும் சுகம், என் இடது கணுக்கால் மட்டும் முக்கால் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் தினமும் நாலு மாடி ஏறி இறங்கியும் மூச்சோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. நம் துரை மாதிரியே புள்ளி போட்ட பாயிண்டர் சாதி நாய்க்குட்டி ஒன்று இனாமாகக் கிடைக்கிறது, சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், எடுக்கட்டுமா அப்பா என்று கேட்டிருக்கிறாய். கல்யாணத்துக்கே என்னைக் கேட்காதவள் நாய்க்குக் கேட்கிறாய், அந்த மரியாதைக்காக முழுசாகப் பதில் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவன் எழுத்து இது, பிழை இருந்தால் மாப்பிள்ளையிடம் காட்டாதே.

துரை நம் வீட்டுக்கு வந்த கதையை உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். அவனை முதலில் வளர்த்த துப்பாக்கி ரிப்பேர்க்காரர் இறந்த பிறகு அவர் தங்கை நாற்காலிக்கு மெத்தை மாற்ற நம் கடைக்கு வந்தார், கூடவே இவன். நான் சோபா தைக்கிறவன், எனக்குத் தெரிந்தது துணிதான், முதுகைத் தடவினேன், இந்தப் பக்கம் தடவினால் பளபளப்பு, அந்தப் பக்கம் தடவினால் மங்கல், அசல் வெல்வெட். அங்கேயே விழுந்துவிட்டேன். நாய் எந்த வேலைக்குப் பிறந்தது என்று கேட்காமல் துணி எடுக்கிற மாதிரி நாய் எடுத்த ஒரே ஆள் நீங்கதான் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். ரிப்பேர்க்காரர் தங்கை அன்றைக்கே சொல்லத்தான் செய்தார், இது வேட்டைக்குப் பழகின சாதிங்க, அண்ணன் சுட்ட வாத்தைத் தண்ணியிலேருந்து பல்லு படாம தூக்கிட்டு வந்து கையில குடுக்கும், காலையில ஆறு மணிக்கு ஒன்றரை மணி நேரம் ஓடியே ஆகணும், இவன் வந்த அஞ்சு வருஷத்துல எங்கண்ணன் ஒரு நாள் லீவு போட்டதில்ல என்று. நான் வெல்வெட்டைத் தடவிக்கொண்டே சரிங்க சரிங்க என்றேன்.

கடையில் கட்டிப் போட்டு, சாயங்காலம் தெருவை ஒரு சுற்று சுற்றினால் போதும் என்று நினைத்தேன். அஞ்சாம் நாள் டீ குடித்துவிட்டு வருகிறேன், பல் டாக்டர் வீட்டுக்குப் போக வேண்டிய பெரிய சோபா எலும்புக்கூடாக நிற்கிறது, அறை முழுக்கப் பஞ்சு, நடுவில் துரை. மேல் துணியை மட்டும் பல் படாமல் உரித்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கும் துணி தெரியும் போலிருக்கிறது. நாய் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன், அவர் சிரித்தார். இது சேட்டை இல்லப்பா, உள்ள இருக்கிற தெம்பு எங்கேயாவது போய்த்தானே ஆகணும், நீ பண்றது நடை, இவனுக்கு வேணும்கிறது ஓட்டம், மூக்குக்கும் வேலை வேணும் என்றார். கித்தான் துணியில் கழிவு நூலை அடைத்து ஓர் உருளை தைத்தேன். ரயில் பணிமனைக்குப் பின்னால் நாணல் மண்டிய ஈரமான மைதானம் இருக்கிறதே, அங்கே தினமும் ஆறு மணிக்கு நான் எறிவேன், அவன் தலையைத் தூக்கி அது விழுகிற இடத்தைப் பார்ப்பான், போ என்றால்தான் ஓடுவான், எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்து, கொடு என்று சொல்கிற வரை வாயைத் திறக்க மாட்டான். அப்படி அஞ்சு மாதம் ஓடினான், சோபாக்கள் பிழைத்தன, என் தொப்பையும் கொஞ்சம் உள்ளே போனது.

போன மாதம் நான் கடைப் படியில் வழுக்கி விழுந்து ஒரு வாரம் கட்டிலில் கிடந்தேனே, அப்போதுதான் இது. முதல் நாள் ஆறு மணிக்கு அவன் முனகல் தாங்காமல் உன் அம்மா கேட்டைத் திறந்துவிட்டாள். அடுத்த சோபாவுக்கு நாள் குறித்தாயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சரியாக ஏழரைக்கு வந்தான், வயிறெல்லாம் சேறு, நாக்கு தரையைத் தொடுகிறது, தண்ணீர் குடித்தான், தூங்கினான். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. நீங்க இல்லாமயே நல்லா ஓடுறானே என்று உன் அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் கணக்கு இடித்தது. எறிவதற்கு ஆள் இல்லாவிட்டால் இவன் ஓட மாட்டான், உட்கார்ந்தே இருப்பான். உருளையோ என் கட்டிலுக்கு மேல் ஆணியில் தொங்குகிறது.

எட்டாம் நாள் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போய்ப் பணிமனைச் சுவர் ஓரமாக நின்று பார்த்தேன். காற்றே இல்லை. துரை உட்கார்ந்திருந்தான். அவன் தலை மெதுவாக வானத்தில் எதையோ தொடர்ந்து போய் நாணலுக்குள் இறங்கி நின்றது. கொஞ்சம் பொறுத்து, யாரோ போ என்றது போல ஓடினான். திரும்பி வரும்போது வாய் பாதி திறந்திருக்கிறது, கழுத்து பாரம் தாங்குகிற மாதிரி தாழ்ந்திருக்கிறது, வாயில் ஒன்றும் இல்லை. வந்து உட்கார்ந்து முகத்தைத் தூக்கினான், காத்திருந்தான், வாயைத் திறந்தான். பதினாலு தடவை எண்ணினேன். அவன் எதிரில் ஆள் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி, அங்கே மட்டும் இரண்டு செருப்பு அளவுக்குப் பனி இல்லை.

மறுநாள் உருளையோடு போனேன். எறிந்தேன், எடுத்தான், என்னைத் தாண்டிப் போய் எனக்கு இரண்டடி இடப்பக்கம் உட்கார்ந்து வெறும் இடத்தைப் பார்த்து முகத்தைத் தூக்கினான். கொடுடா என்றேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் அப்பனைத்தான் உனக்குத் தெரியுமே, பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது. நொண்டிக்கொண்டே போய் அந்த இடத்திலேயே நின்றேன். ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. அண்ணே, அஞ்சு வருஷம் லீவே எடுக்காம பாத்துட்டீங்க, இனிமே நான் வரேன், நீங்க போய்ப் படுங்க என்றேன். நான் எதையும் எறியவில்லை, துரை ஓடினான். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து, என் தோளுக்கு மேலே பின்னால் யாரையோ பார்த்தான், கேட்கிற மாதிரி. பிறகு என் உள்ளங்கையில் வாயைத் திறந்தான். ஒன்றும் இல்லை வாலு, கண்ணால் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆனால் கை இறங்கியது. நனைந்த இறகு, நல்ல கனம், இன்னும் சூடு. அது லேசாகிற வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.

அன்றிலிருந்து என் கையில்தான் கொடுக்கிறான். மழையானாலும் காய்ச்சலானாலும் நான் ஒரு நாள் தவறவில்லை, சொன்ன சொல் இருக்கிறதே. நேற்றுக் காலை போனபோது மைதானம் முழுக்கப் பனி. நான் நிற்கிற இடத்தில் மட்டும், நான் கால் வைப்பதற்கு முன்னாலேயே, இல்லை. இரண்டு செருப்புத் தடம், இடது பாதம் கொஞ்சம் வெளியே சாய்ந்து, நொண்டுகிறவன் வைத்த மாதிரி. இதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அதனால் மகளே, புள்ளியையும் பளபளப்பையும் பார்த்து மயங்காதே. நீ ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாய், மாப்பிள்ளை வாரத்தில் நாலு நாள் லாரியில், நாலாவது மாடியில் அந்தச் சாதி நாய் என்ன செய்யும். வயசான, சோம்பேறியான, உன் அப்பா மாதிரி ஒரு நாய் பார். இல்லை, இதுதான் வேண்டும் என்றால் எடுத்துக்கொள், நான் தடுக்கவில்லை. ஆனால் உன்னால் போக முடியாத நாளில் யார் போவார்கள் என்று சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு காகிதத்தில் பெயர் எழுதி எனக்கு அனுப்பு. உயிரோடு இருக்கிற ஆளாக இருக்கட்டும். அந்த இடத்தைக் காலியாக மட்டும் விடாதே.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானமாகி, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அம்மா கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறாள், அழகு இல்லை என்று மூலையில் போடாமல் போட்டுக்கொள். மணி ஆறாகப் போகிறது, துரை கதவருகே நிற்கிறான், போக வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை என்றும் நினைக்கும்,
சோபாக்கடை அப்பா