மரியாதைக்கு ஒரு பாக்கெட்

லாங்டன், ஸ்டோக்
நவம்பர், ஞாயிறு மதியம்

அன்பு லியானுக்கு,

நீயும் டேனும், இன்னும் பெயர் வைக்கப்படாத அந்த மூன்றாமவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அப்பாவும் சுகம்தான், ஆனால் அவர் எந்த வழியாகச் சுகமானார் என்பதைச் சொல்ல ஒரு தபால்தலை செலவு செய்ய வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம், ஆனால் போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து உன் குரலுக்குத் தலையாட்டும் மனிதரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே எப்படிப் பேசுவது. இப்போது அவர் தோட்டத்தில் இலை கூட்டுகிறார். காற்று எதிர்ப்பக்கம் அடிப்பதால் வேலை சீக்கிரம் முடியாது, இந்தக் கடிதத்தை நிதானமாகவே எழுதலாம்.

முதலில் உன் விஷயம். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே, பழச்சாறோடு விழுங்கு. வாளியைத் தூக்காதே, டேனுக்குக் கை இருக்கிறது, கல்யாணத்தன்று நானே பார்த்தேன். உங்கள் ஊரில் யாராவது உன்னை, நம் ஊரில் அன்பாகக் கூப்பிடுவதுபோல, வாத்து என்று கூப்பிடுகிறார்களா? இங்கே கசாப்புக்கடைக்காரர் முதல் பல் மருத்துவர் வரை எல்லோருக்கும் நான் இன்னும் வாத்துதான். போன வாரம் வங்கியில் புதிதாக வந்த லண்டன் பெண் என்னை மேடம் என்று கூப்பிட்டாள். ஏதோ கணக்கை முடக்கப் போகிறார்கள் என்று பயந்துவிட்டேன்.

வங்கிக்குப் போனது விமான டிக்கெட்டுக்குப் பணம் எடுக்க, அந்தப் பணத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது. ஜூன் மாதம் நீ போனில், அம்மா, சந்தோஷமான செய்தி என்று ஆரம்பித்து, அதே மூச்சில், அப்பாகிட்ட சொல்லிடு, புகை பிடிக்கிற கை என் குழந்தையைத் தூக்காது என்று முடித்தாய் அல்லவா. அதையும் ஸ்பீக்கரில்தான் கேட்டார். எழுந்து போய் நாய்க்குச் சாப்பாடு போட்டார். நாய் செத்து மூன்று வருஷமாகிறது. மறுநாள் காலையில் தானாகவே மருத்துவமனைக்குப் போய், புகையை விட உதவும் நர்ஸின் எதிரில் உட்கார்ந்தார். என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். நாற்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவர், அந்த நாற்காலியில் டிக்கெட் எடுக்காமல் பிடிபட்டவர் போல உட்கார்ந்திருந்தார். நர்ஸ் நல்ல பெண். நுரையீரல், இதயம் என்று அவள் சொன்னபோதெல்லாம் உன் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்னா பதினாறு பவுண்டு போகுது, வேப்புக்கு, அதான் மின்சிகரெட்டுக்கு, மாறிட்டா ஒரு வாரத்துக்கே பத்து பவுண்டு ஆகாது, மிச்சத்துல நீங்க ரெண்டு பேரும் மகளைப் பார்க்க நியூசிலாந்து போய்ட்டு வரலாம் வாத்தே என்றாள். அப்போதுதான் அவர் கண் கூரையிலிருந்து இறங்கியது. இந்த நாட்டில் ஆணின் இதயத்தைப் பற்றி அவனிடமே பேசிப் பயனில்லை, செலவைப் பற்றிப் பேசினால் அது தானாகத் துடிக்கும்.

ஆகவே குழந்தை பிறந்த கையோடு, பிப்ரவரிக்கு இரண்டு விமான டிக்கெட் என்று முடிவாயிற்று. மிச்சம் பிடிப்பதைக் கூட்டுக் கணக்கில் போடுவது என்றும், டிசம்பரில் விலை ஏறும் முன் டிக்கெட் எடுப்பது என்றும் பேசிக்கொண்டோம். முதல் மாதம் ஒன்றும் மிச்சமாகவில்லை. நான் ஆச்சரியப்படவில்லை. வேப் கடைக்காரி, முகத்தில் ஏழெட்டு வளையம் போட்ட அன்பான பெண், இவருக்கு ஒரு கருவி விற்றாள், அதில் சார்ஜ் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று இன்னொரு கருவி விற்றாள், இரண்டையும் வைக்க ஒரு உறை விற்றாள். பிறகு அதில் ஊற்றும் திரவத்தில் விதவிதமான வாசனைகள். ருபார்ப் கஸ்டர்ட் வாங்கி, பள்ளிக்கூடச் சாப்பாடு ஞாபகம் வருகிறது என்று வைத்துவிட்டார். நீல ராஸ்ப்பெரி வாங்கினார். கடவுள் அப்படி ஒரு பழத்தைப் படைக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. உன் பழைய அறையின் மேசை இழுப்பறை முழுக்க ஒருமுறை உறிஞ்சிய குப்பிகள். ஆறு வாரம் உலகத்துப் பழங்களையெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் வெறும் புகையிலை வாசனையில் வந்து நின்றார். விலை குறைந்தது அதுதான். சரி, படிப்புச் செலவு முடிந்தது, இனிமேல் சம்பாத்தியம்தான் என்று நினைத்தேன்.

ஆனால் ஆகஸ்டிலும் கணக்கு நகரவில்லை, செப்டம்பரில் கொஞ்சம் அசைந்தது, அக்டோபரில் மறுபடி படுத்துக்கொண்டது. கேட்டால், வேப் பார்க்குறதுக்குத்தான் சின்னதும்மா, தீனி நிறையத் தின்னுது என்பார். எனக்குப் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். இந்த மாதம் முதல் வாரத்தில் அவருடைய கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு சிகரெட் பாக்கெட், பாதி காலி.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வரவில்லை, கோட்டைத் துவைக்காமல் அப்படியே மாட்டிவிட்டேன். டிக்கெட் போனால் போகிறது. நீ சொன்ன வார்த்தை இருக்கிறதே. உன்னை எனக்குத் தெரியும், சொன்னால் சொன்னதுதான், அது என் பக்கத்து ரத்தம். பூமியின் மறுபக்கம் வரை பறந்து வந்து, உன் கூடத்தில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, குழந்தையைத் தூரத்திலிருந்து பார்த்து நிற்பார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அப்புறம் கருவிக்கொட்டகைக்குப் போய்த் துழாவினேன். பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் நிறைய உதிரி சிகரெட்டுகள், ஒன்றுகூடப் பற்றவைக்காதது. அதைவிட விசித்திரம், அவற்றில் ஒன்றுகூட உன் அப்பா பிடிக்கிற வகை இல்லை. மூன்று வேறு வேறு வகை. ஒரே சிகரெட்டோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனிதருக்கு இந்த வயதில் மூன்று தொடர்பா என்று யோசித்தேன். நூலகத்தில் முப்பது வருஷம் துப்பறியும் கதைகளை அடுக்கி வைத்தவள் நான். ஆனாலும் இந்தப் புதிருக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் தினமும் போவதுபோலத் தொழிலாளர் கிளப்புக்குப் போனதும், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டார் என்ற சாக்கில், அதை நானே ஒளித்துவைத்திருந்தேன், பின்னாலேயே போனேன். நல்ல மழை. கிளப்பின் பின்பக்கத்தில் புகை பிடிப்பவர்களுக்கென்று தகரம் போட்டு வைத்திருக்கும் கொட்டகையில் நால்வரும் நின்றிருந்தார்கள். உன் அப்பா, பொரித்த மீன் கடை வைத்திருந்த கிளிஃப், தபால்கார பாசில், சவ ஊர்தி ஓட்டிய கோர்டன். நான் மூலையில் குடைக்குள் நின்று பார்த்தேன். கோர்டன் பாக்கெட்டைத் திறந்து, இந்தா வாத்தே, ஒண்ணு எடுத்துக்க என்று சுற்றி நீட்டினார். மூன்று பேரும் ஒன்று எடுத்தார்கள். உன் அப்பா அதைக் காதில் செருகிக்கொண்டு, இப்பத்தான் ஒண்ணு போட்டேன்பா, அப்புறம் பிடிக்கிறேன் என்றார். கிளிஃப், காத்துல லைட்டர் நிக்காது என்று சட்டைப்பையில் வைத்தார். பாசில், டீக்கு அப்புறம் என்றார். கொஞ்ச நேரம் கால்பந்தைத் திட்டினார்கள். பிறகு உன் அப்பா தன் பாக்கெட்டை எடுத்து, இப்ப என் முறை என்று நீட்டினார். மறுபடி மூன்று கை, மூன்று நன்றி, மூன்று சாக்கு. அப்போதுதான் கவனித்தேன். அந்தப் புகைக்கொட்டகையில் புகையே இல்லை. சாம்பல் தொட்டியில் மழைத்தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து கிடந்தது, ஒரு சிட்டுக்குருவி அதில் குளித்துக்கொண்டிருந்தது. யாருடைய கோட்டிலிருந்தோ மாம்பழ வாசனை வந்தது.

நான் உள்ளே போய் நின்றேன். நாலு பேரும் பாதிரியாரைக் கண்ட பையன்கள் மாதிரி நிமிர்ந்தார்கள். ஏம்ப்பா, உங்கள்ல யாராவது பத்தவைக்கப் போறீங்களா, இல்ல இங்க கடை விரிச்சிருக்கீங்களா என்றேன். இந்த ஊர் ஆண்களின் மௌனம் உனக்குத் தெரியும், அதில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரலாம். கடைசியில் பாசில்தான் தொண்டையைச் செருமினார். லொரெய்ன், நான் விட்டு ரெண்டு வருஷமாச்சு, வேப்தான், கழிப்பறையில போய் உறிஞ்சிட்டு வருவேன், இவனுங்க நீட்டும்போது வேணாம்னா, இவன் பெரிய யோக்கியன்னு நினைப்பானுங்களேன்னு வாங்கிக்குவேன், வாங்கினா திருப்பிக் கொடுக்கணுமில்ல என்றார். கிளிஃப் அவரையே பார்த்தார். அடப்பாவி, அந்தக் கஸ்டர்ட் நாத்தம் உன்னுதா, ஈஸ்டர்லயே நானும் விட்டாச்சுடா, உன் மனசு நோகக்கூடாதேன்னுதான் தினமும் பாக்கெட் வாங்குறேன் என்றார். கோர்டன் வசந்த காலத்திலேயே மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டாராம், மாம்பழ வாசனை அவருடையது. எல்லோரும் உன் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் காதிலிருந்த சிகரெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஜூன்லேர்ந்து என்றார்.

ஆக நால்வரில் ஒருவரும் புகைப்பதில்லை. நால்வரும் மற்ற மூவருக்காக வாங்கிக்கொண்டிருந்தார்கள். நம் பிஸ்கட் டின்னிலிருந்த மூன்று வகையும் அந்த மூவர் நீட்டியவை. கல்யாண வீட்டில் மொய் வைத்தவனுக்கு மொய் வைக்காமல் தீராது என்பதுபோல, ஒன்று வாங்கினால் ஒன்று நீட்டாமல் தீராது. சிகரெட்டை விடுவது அவர்களுக்கு அத்தனை கஷ்டமாக இல்லை, விட்டேன் என்று சொல்வதுதான் முடியாமல் போயிற்று. வேப்புக்கு மாறினால் என்ன செலவு என்று நர்ஸ் சொன்ன கணக்கில் பிழையே இல்லை, ஒன்றைத்தான் விட்டுவிட்டாள். மரியாதைக்கு ஆகும் செலவு அந்தக் கணக்கில் இல்லை. கோர்டன்தான் முதலில் சிரித்தார். இத்தனை நாளா ஒருத்தனும் சாகலையேன்னு பார்த்தேன் என்றார். பிறகு நால்வரும் தகரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நாலு பேரும் முதல்தடவையாக வெளிப்படையாக வேப் குழாயை எடுத்து ஊதினார்கள், கொட்டகை முழுக்க மிட்டாய்க்கடை மணத்தது. நால்வர் வீட்டிலும் இப்படிப் பிடிக்காமல் சேர்ந்திருந்த சிகரெட் டின்கள் மறுநாள் கிளப்புக்கு வந்தன. கிளப் மேலாளர் ஒருவர்தான் இங்கே நிஜமாகப் பிடிக்கிறவர், அவருக்குக் கொடுக்கலாம் என்றால், ஐயோ வேணாம்பா, நான் நாலு பேருக்கும் திருப்பிக் கொடுக்கணும் என்று உள்ளே ஓடிவிட்டார். கடைசியில் நான்தான் எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். கோர்டன் தொழில் பழக்கத்தில் தொப்பியைக் கழற்றினார்.

உன் அப்பாவும் நானும் வீட்டுக்கு நடந்து வந்தோம். தெருமுனையில் அவர் நின்று, லியான் நம்பமாட்டா லொரெய்ன், அஞ்சு மாசமா பையில பாக்கெட் வச்சிருந்தவன் நான் பிடிக்கலன்னு சொன்னா எந்த மக நம்புவா என்றார். நீ நம்புறியா என்றும் கேட்டார். நான் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனிதர் எனக்குச் சொன்ன பொய்யெல்லாம் அடுத்தவர் மனசு நோகக்கூடாதே என்று சொன்னவை, அவற்றில் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. நம்புறேன் என்றேன். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். குளிர் என்றார்.

வியாழக்கிழமை டிக்கெட் எடுத்தாயிற்று. குறைந்ததைக் குளியலறைக்கு ஓடு மாற்ற வைத்திருந்த பணத்திலிருந்து போட்டேன், பழைய ஓடு இன்னொரு வருஷம் தாங்கும். பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை வெலிங்டன் வந்து சேருவோம். அவர் உன்னிடம் எல்லாவற்றையும் போனில் தானே சொல்லிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். எதற்கு மன்னிப்பு என்று சொல்லுமுன் மன்னிப்பு கேட்டுவிடுவார், நீ பயந்துபோவாய். அதனால்தான் முந்திக்கொண்டேன். அவர் சொல்லும்போது தெரியாதவள் போலவே கேட்டுக்கொள்.

உன் மாமியாருக்கு என் விசாரிப்பைச் சொல். நீ சொன்ன அந்த ஆடும் ஏணியை டேனைச் சரிசெய்யச் சொல். இரண்டு பேரும், வரப்போகிறவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. நாங்கள் வாசலில் வந்து நிற்கும்போது, முடிந்தால் நீயே குழந்தையை அவரிடம் நீட்டு. தானாகக் கேட்கமாட்டார், நீட்டினால் வேண்டாம் என்று சொல்லவும் தெரியாது. வாங்கிக்கொள்வார். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற மரியாதை மட்டும் அன்றைக்கு அவருக்கு இருக்காது, நீ கோபித்துக்கொள்ளாதே.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா
(லொரெய்ன்)