‘கடைசி மாடி’க்கு ஒரு நட்சத்திரம்

மார்ச் 3, செவ்வாய்

மாவுக்கட்டு போட்டு நாலாவது நாள். பத்தொன்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். நாற்பது மாடிக் குழிக்குள் ஒற்றைப் பெல்ட்டில் தொங்கியிருக்கிறேன், நகத்தில்கூடக் கீறல் இல்லை. சமையலறையில் பல்பு மாற்ற முக்காலியில் ஏறினேன். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம். எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, “வேலையில சின்ன ஆக்சிடென்ட்” என்றேன். பக்கத்தில் நின்ற மனைவி, “பல்பு வேலை” என்று திருத்திவிட்டாள்.

தங்கை போன் செய்தாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் புது வீடியோ கேம் போன வாரம் வெளியானதாம். மூன்று வருஷ உழைப்பு. இலவசமாக ஒன்று அனுப்புகிறாள். “சும்மாதானே படுத்திருக்கே. விளையாடிப் பார்த்துட்டு உண்மையைச் சொல்லுண்ணா.”

சும்மாதான் படுத்திருக்கிறேன். அதை இவ்வளவு அன்பாக வேறு யாரும் சொன்னதில்லை.

மார்ச் 5, வியாழன்

மனைவி கண்ணாடிக் கடை வேலைக்குப் போனதும் காலை இரண்டு தலையணைமேல் தூக்கி வைத்து ஆரம்பித்தேன்.

கேமின் பெயர் ‘கடைசி மாடி’. வருஷம் 2247. பூமி போய்விட்டது. எங்கே போனது என்று சொல்லவில்லை. மிச்சமிருக்கும் மனிதர்கள் எல்லோரும் தொள்ளாயிரம் மாடிக் கட்டடம் ஒன்றில் இருக்கிறார்கள். உச்சியில் வில்லன். தரைத்தளத்தில் நாயகன் கேப்டன் வேங்கை. சுட்டுக்கொண்டே மேலே போக வேண்டும். கதை அவ்வளவுதான், சுருக்கவில்லை.

வேங்கையின் ஜாக்கெட்டுக்குள் பதினோரு துப்பாக்கி. உட்காரும்போது எங்கே குத்தும் என்று கவலைப்பட்டேன். அவன் உட்காரவே மாட்டான் என்று பிறகு தெரிந்தது. வழிமறிக்கும் வில்லனின் ரோபோக்கள் மனிதனைவிடப் பத்து மடங்கு புத்திசாலிகளாம். ஆனால் முன்னால் போன ரோபோ செத்த அதே மூலையில் அடுத்த ரோபோவும் வந்து நிற்கிறது, வரிசை தவறாமல். ரேஷன் வாங்க வந்த மாதிரி. கட்டடம் முழுவதையும் உளவு பார்க்கும் வில்லனின் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைப் பக்கத்துச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நம்ம ஆபீஸ்தான் அப்படி என்று நினைத்திருந்தேன். மனிதகுலமே திருந்தாது போலிருக்கிறது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்வேன். லிஃப்ட்? லிஃப்ட்டை மட்டும் என்னால் முடியவில்லை. கேபின் முன்னூறாவது மாடியில் நிற்கிறது, நூற்றுப் பத்தாவது மாடியில் கதவு திறக்கிறது. உள்ளே வெறும் பள்ளம். வேங்கை விழுந்து சாகிறான். நான்தான் சாகிறேன். கேபின் வந்து நிற்காமல் கதவைத் திறக்கவிடாத கதவுப்பூட்டு என்று ஒன்று என் முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே இருக்கிறது. 2247இல் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

எட்டு முறை செத்தேன். அதில் ஐந்து லிஃப்டால்.

மார்ச் 9, திங்கள்

தங்கை கூப்பிட்டாள். எப்படி இருக்கு என்று கேட்டாள். ஆறாவது லெவலில் அறுந்த கயிற்றோடு லிஃப்ட் மேலே போவதைப் பார்த்துவிட்டுக் கன்ட்ரோலரை மெத்தையில் எறிந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குப்பின் அதைத் தொடவில்லை.

“சூப்பர்மா.”

“நிஜமாவா?”

“என் கால் மேல சத்தியமா.”

“எந்தக் கால்?”

சிரித்துச் சமாளித்தேன். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக்கு வராமல் வேலை பார்த்தவள். அவளிடம் என்னவென்று சொல்ல? அவள் அதில் எந்தப் பகுதியைச் செய்தாள் என்று கேட்டிருக்கலாம். “நல்லாச் சாப்பிடு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

அவளிடம் சொல்லாத உண்மையை எங்கேயாவது கொட்ட வேண்டியிருந்தது. கேமை விற்கும் தளத்தில் விளையாடினவர்கள் கருத்து எழுத இடம் இருக்கிறது. ‘பள்ளத்துக்காரன்’ என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். மத்தியானம் முழுக்க எழுதினேன். எனக்கு இவ்வளவு எழுத வரும் என்று எனக்கே தெரியாது. பிடித்த இடங்களை இங்கே ஒட்டி வைக்கிறேன்:

“பூஜ்ஜியம் கொடுக்க வழியில்லாததால் ஒரு நட்சத்திரம். தொள்ளாயிரம் மாடி கட்டத் தெரிந்த இனத்துக்கு ஒரு கதவைப் பூட்டத் தெரியவில்லை. இந்த லிஃப்டுகளுக்குச் சான்றிதழ் கொடுத்த இன்ஸ்பெக்டரைத்தான் வில்லனாக வைத்திருக்க வேண்டும். கேப்டன் வேங்கை உலகத்தைக் காப்பாற்ற மேலே போகிறார். படியில் போயிருந்தால் உயிரோடாவது போயிருப்பார். முழுசாக முடித்துவிட்டுத்தான் சொல்கிறேன்: கடைசி மாடியிலும் ஒன்றும் இல்லை.”

முழுசாக முடிக்கவில்லை. அதனாலென்ன, சட்டியில் கிடப்பது ஒரு கரண்டியிலேயே தெரிந்துவிடும்.

மார்ச் 13, வெள்ளி

நாலாயிரத்து இருநூறு பேருக்குப் பிடித்திருக்கிறது! நாலாயிரத்து இருநூறு. பத்தொன்பது வருஷத்தில் ஓடுகிற லிஃப்டைப் பார்த்து யாரும் கைதட்டியதில்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஸ்பேனர் (ஸ்பேனரைத் தொலைத்துத் தொலைத்தே அந்தப் பெயர் வாங்கியவன்) போன் போட்டு, “அண்ணே, எவனோ ஒருத்தன் நம்ம லைன்காரன் போல, கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கான், கேளுங்க” என்று எனக்கே வாசித்துக் காட்டினான். நடுநடுவே சிரிப்பில் மூச்சுத் திணறினான். “யாராயிருக்கும்?” என்றேன், ரொம்ப அப்பாவியாக. இன்ஸ்பெக்டர் வரியை இரண்டு தடவை வாசிக்க வைத்தேன்.

சாயங்காலம் மனைவிக்குக் காட்டினேன். படித்தாள். ஓரிடத்தில் உதடு துடித்தது, சிரித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இது உங்க தங்கச்சி செஞ்சதுதானே?” என்றாள்.

“முன்னூறு பேர் செஞ்சது.”

“அதுல அவளும் ஒருத்திதானே?”

துணி மடிக்கப் போய்விட்டாள். இவளுக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது.

மார்ச் 15, ஞாயிறு

தங்கை வந்தாள். கையில் பழம், பிஸ்கட். கட்டின் மேல் பேனாவால் ஒரு ரோபோ வரைந்தாள். டீ குடித்தாள். கேமைப் பற்றிப் பேச்சே இல்லை. தப்பித்தேன் என்று காலை நீட்டும்போது கேட்டாள்.

“ஒன்பதாவது லெவல் எப்படிண்ணா இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்தது. கொஞ்சம் நீளம்.”

“ரோபோக்கள் ஜாஸ்தியோ?”

“ஆமாமா. சுட்டுச் சுட்டுக் கை வலியே வந்துருச்சு.”

தலையாட்டினாள். டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“ஒன்பதுல ரோபோவே கிடையாதுண்ணா. துப்பாக்கியும் கிடையாது.”

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி பழத்தைப் பார்த்தாள்.

“லிஃப்டுக்குக் கதவுப்பூட்டு இல்லைன்னு மூணு பக்கம் எழுதுறவன் உலகத்துல எத்தனை பேரு இருப்பாங்க? முதல் வரியிலேயே தெரிஞ்சிருச்சு. நீ எத்தனை லெவல் விளையாடினேன்னு உன் கருத்துக்குக் கீழேயே போட்டிருக்கு. ஆறு. யாரும் பாக்கல போல. நான் பாத்தேன்.” குரல் உயரவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. “நாளைக்கு மீட்டிங். உன்னுதைத்தான் பெரிய திரையில போட்டு வாசிக்கப் போறாங்களாம். எனக்கும் அனுப்பியிருக்காங்க, தயாரா வரச் சொல்லி.”

“நீ செஞ்சது எதுன்னு எனக்கு...”

“நீ கேக்கல.”

செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “ஒன்பது மட்டும்தான் என்னோடது.”

மார்ச் 16, திங்கள்

இப்போது அந்த மீட்டிங் நடந்துகொண்டிருக்கும். இன்ஸ்பெக்டர் வரிக்குச் சிரிப்பார்கள். நான் என்ன தப்பாக எழுதினேன்? கதவுப்பூட்டு இல்லைதானே? உண்மைதானே? அவள்தானே உண்மையைச் சொல்லச் சொன்னாள்?

உண்மையைச் சொல்லத்தான் சொன்னா. ஊருக்கா சொல்லச் சொன்னா? அவகிட்ட சொல்ல வாய் வரல, பேரை மாத்திக்கிட்டதும் வாய் வந்துருச்சு. பெரிய வீரன். கேப்டன் வேங்கை தோத்தான் போ. அதுலயும் பாதியிலே விட்டுட்டு முடிச்சேன்னு ஒரு புளுகு —

கால் அரிக்கிறது. கட்டுக்குள் சொறிய வழியில்லை. சரியான தண்டனைதான்.

மார்ச் 18, புதன்

மறுபடி கன்ட்ரோலரை எடுத்தேன். ஏழாவது லெவல் ஆறைவிட மோசம். இதைச் சொல்லக் கூடாது என்று ஒன்றும் இல்லையே.

மார்ச் 20, வெள்ளி

எட்டு முடிந்தது. பறக்கும் ரோபோவுக்கு வௌவால் மூஞ்சி வைத்தவனை நேரில் பார்க்க வேண்டும்.

மார்ச் 21, சனி

ஒன்பது.

வேங்கை லிஃப்டில் ஏறுகிறான். கதவு ஒழுங்காக மூடுகிறது. பூட்டு விழும் சத்தம், ‘டக்’கென்று, அப்படியே அசல். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அறுநூற்றுப் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. விளக்கு அணைகிறது. துப்பாக்கிகள் வேலை செய்யாது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. வேங்கையின் மூச்சு மட்டும் கேட்கிறது. அந்த மடையனுக்கும் பயம் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு சுவரில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் ஒரு மெக்கானிக்கின் குரல்.

“நான் வெளியிலதான் இருக்கேன். கதவைத் தள்ளாதீங்க. உள்ள காத்து இருக்கு, மூச்சு முட்டாது, அது மனசுக்குத்தான் அப்படித் தோணும். உக்காருங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க.”

என் குரல் இல்லை, யாரோ நடிகருடையது. வார்த்தை மொத்தமும் என்னுடையது.

உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் நான் சொல்வது இதுதான், வரிசைகூட மாறாது. ஆனால் இது தங்கைக்கு எப்படி — அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கல்லூரி விடுதி லிஃப்டில் இவள் ஒரு தரம் மாட்டிக்கொண்டாள். வேறு கம்பெனி லிஃப்ட், அந்த ஆள் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆனது. நான் இரண்டு ஊர் தள்ளி இருந்தேன். போனிலேயே பேசிக்கொண்டிருந்தேன். வெளியில்தான் இருக்கேன் என்றது பொய். அவளுக்கும் தெரியும். எனக்கு அது மறந்தே போய்விட்டது. தினமும் யாரிடமாவது சொல்வதுதானே.

கேமில் பதினோரு நிமிஷம். சுட எதுவும் கிடையாது. அந்தக் குரல் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வேங்கைக்கு ஒரு தங்கை இருப்பது இங்கேதான் தெரிகிறது. கடைசியில் கதவு ஒரு விரல் அளவு திறந்து வெளிச்சம் வருகிறது.

மனைவி வேலை முடிந்து வந்து, “என்னங்க, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?” என்றாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் என்றேன். இந்தத் தடவை அவள் திருத்தவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பன்னிரண்டு லெவலும் முடித்தேன். பழைய கருத்தை அழிக்கவில்லை. கீழே சேர்த்தேன்: “முழுசாக முடித்தேன் என்றது பொய். ஆறோடு நிறுத்தியிருந்தேன். இப்போதுதான் முடித்தேன். மற்ற லிஃப்டுகள் பற்றி எழுதியதில் ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன். ஒன்பதாவது லெவலைச் செய்தவருக்கு லிஃப்டும் தெரியும், உள்ளே மாட்டிக்கொண்டவரையும் தெரியும். அந்தப் பதினோரு நிமிஷத்துக்காக மட்டும் மற்றதைச் சகித்துக்கொள்ளலாம்.”

சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பேருக்குப் பிடித்தது. முப்பது பேர், கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டிருக்கிறார்கள். பொய்க்கு நாலாயிரம், உண்மைக்குப் பன்னிரண்டு. ஸ்பேனர் போனில் வருத்தப்பட்டான்: “நல்லா எழுதிட்டிருந்தவன்ணே. விலைக்கு வாங்கிட்டாங்க.”

மார்ச் 24, செவ்வாய்

மூன்று தடவை போன் அடித்த பிறகு தங்கை எடுத்தாள்.

“படிச்சேன்” என்றாள்.

“கோவமா?”

“நீ எழுதினதுல பாதி, நான் மீட்டிங்ல ரெண்டு வருஷமா கத்தினதுதான். கதவுப்பூட்டு எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? வேகம் குறையும்னுட்டாங்க. அதுக்குக் கோவமில்ல.” பிறகு சொன்னாள்: “சூப்பர்மான்னு சொன்னியே. அதை நான் நம்பினேண்ணா. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். எங்கண்ணன் லிஃப்ட் மெக்கானிக், அவருக்கே பிடிச்சிருக்குன்னு.”

இதற்கு என்ன நக்கல் அடிப்பது?

“தப்புதான்மா” என்றேன்.

“ம்” என்றாள்.

ஏப்ரல் 8, புதன்

தங்கை கம்பெனியில் பதினாலு பேரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவளும் ஒருத்தி. ‘கடைசி மாடி’க்கு இரண்டாம் பாகம் கிடையாதாம்.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். “என்னாலயா?”

“உன் ஒரு நட்சத்திரத்துக்கு அவ்வளவு வெயிட்டெல்லாம் இல்ல. ரெண்டாயிரம் பேர் அதையேதான் எழுதினாங்க.” பிறகு, “மீட்டிங்ல முதல்ல காட்டினது உன்னுது. அதையும் சொல்லிடறேன். மறைச்சா நீ எப்படியும் கண்டுபிடிப்பே” என்றாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். நானாக இருந்தால் விட்டிருப்பேன்.

ஏப்ரல் 16, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது யாருடைய கால் என்று தெரியவில்லை. “ஊன்றுங்க, பயப்படாதீங்க” என்கிறார் பிசியோ. சொல்வது சுலபம்.

மே 10, ஞாயிறு

தங்கை லேப்டாப்போடு வந்தாள். அவளும் அவளோடு வேலை போன இன்னொருத்தியும் சேர்ந்து சின்னதாக ஒரு கேம் செய்கிறார்களாம். இன்னும் பெயர் வைக்கவில்லை. எந்த நூற்றாண்டு என்றுகூடத் தெரியவில்லை. ஓர் ஆஸ்பத்திரி. கரண்ட் போய்விட்டது. ஒவ்வோர் அறையாகப் போய் உள்ளே இருப்பவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் முடிந்திருக்கிறது, ஐந்து அறை.

எதிரே நாற்காலி போட்டு, பென்சிலும் ஒரு தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து அறையையும் முடித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. நான் எங்கே சிரித்தேன், எங்கே நெளிந்தேன் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தது தெரியும்.

“சொல்லு.”

அவள் முகத்தைப் பார்க்காமல் பேசலாம் என்று தோன்றியது. பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“மூணாவது அறை ஒரே அறுவை. அந்த நர்ஸ் பேசினதையே பேசறா. நாலாவதுல கதவு வராந்தாவை மறைச்சு வெளிப்பக்கம் திறக்குது, ஆஸ்பத்திரில ஸ்ட்ரெச்சர் எப்படிம்மா திரும்பும்?”

எழுதினாள். “வேற?”

“அஞ்சாவதுல ஜன்னல் பக்கம் படுத்திருக்கற பெரியவர் நல்லா இருக்கார். அவரை மாத்தாதே.”

“அது இருக்கட்டும். மோசமானதைச் சொல்லு.”

சொன்னேன். மத்தியானம் முழுக்க. நடுவில் இரண்டு தடவை சண்டை வந்தது. ஒன்றில் அவள் ஜெயித்தாள். தாளின் இரண்டு பக்கமும் தீர்ந்தபோது, எழுந்து மனைவியிடம் போய் இன்னொரு தாள் கேட்டாள்.