முத்தம்மாவின் சைக்கிள் விளக்கும் ஒரு வாக்கே

அனுப்புநர்:
ச. அந்தோணிமுத்து,
செயலாளர், கிரீன்வில் மனமகிழ் மன்றம்,
பழைய கிரீன்வில் தோட்டச் சாலை,
செமோர், பேராக்.

பெறுநர்:
சங்கப் பதிவு அதிகாரி அவர்கள்,
ஈப்போ, பேராக்.

பொருள்: எங்கள் மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், காரில் வராத உறுப்பினர்களின் வாக்குகளை எண்ண மறுத்ததால், மண்டபத்தை வாடகைக்கு விடும் தீர்மானத்தை நிறுத்திவைக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பெரிய சங்கங்களின் பெரிய வழக்குகளுக்கு நடுவே, ஒரு சைக்கிள் விளக்கைப் பற்றிய புகார் தங்கள் மேசைக்கு வருவதற்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். இதன் மலாய் மொழியாக்கத்தை எங்கள் பொருளாளர் செல்வி பிரமிளா தனியே இணைத்துள்ளார். அது சுருக்கமாக இருக்கும். எனக்குக் கோபம் தமிழில்தான் வந்தது என்பதால் இது சற்று நீண்டுவிட்டது.

1. எங்கள் மன்றம் ஒரு காலத்தில் கிரீன்வில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணிமார்கள் சீட்டாடிய இடம். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானபோது, உறுப்பினர்கள் சேர்ந்து அந்தக் கட்டடத்தையும் அதன் முன்னாலுள்ள திடலையும் வாங்கினார்கள். இன்று அதில் ஒரு மண்டபம், கேரம் பலகைகள், ஒரு சமையற்கட்டு ஆகியவை உள்ளன. குளிர்சாதன மண்டபத்துக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்கள் எல்லாரும் கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நான விருந்து என்று எங்களிடம்தான் வருவார்கள்.

2. மன்றத் தலைவர் திரு. சீனி, ஜெலாப்பாங்கில் லாரிகள் வைத்துத் தொழில் செய்பவர். நானும் அவரும் தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இன்றுவரை ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். இந்த மனுவில் அவரை ‘திரு. சீனி’ என்று எழுத என் கை மறுக்கிறது. ஆனாலும் புகார் என்பது புகார். ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

3. கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த நாளிலிருந்து மன்றம் பூட்டியே கிடந்தது. இந்த ஆண்டு தளர்வுகள் வந்ததும், திறப்பது எப்படி என்பதில் செயற்குழுவுக்குள் பெரிய விவாதம் எழுந்தது. தடுப்பூசி போட்டவர்களை மட்டும் விடுவதா, நாற்காலிகளை எவ்வளவு தள்ளிப் போடுவது, கேரம் என்பது தொட்டு ஆடும் ஆட்டமா இல்லையா என்றெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் பேசினோம். கேரம் பற்றிய விவாதம் மட்டும் ஒரு மாதம் ஓடியது. கையுறை போட்டுக்கொண்டு ஆடலாம் என்று முடிவானபோது, ஆடத் தெரிந்தவர்கள் எல்லாரும் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறியிருந்தார்கள்.

4. இதற்கிடையில் கையிருப்பு கரைந்துவிட்டது. மூடிய மன்றத்துக்கு எதற்குச் சந்தா என்று பலர் கட்டவில்லை. நிலவரியும் மின்கட்டணமும் மட்டும் தவறாமல் வந்தன. கூரைத் தகரம் பல இடங்களில் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. இந்த நிலையில்தான் திரு. சீனி, மண்டபத்தை ஐந்தாண்டுக்கு மெத்தை வைக்கும் கிடங்காக வாடகைக்கு விடலாம் என்ற யோசனையோடு வந்தார். ஒரு மெத்தை வியாபாரியையும் பிடித்துவைத்திருந்தார். டிசம்பர் கடைசியில் சாவியைக் கொடுத்தால் போதுமாம்.

அது கெட்ட யோசனை என்று நான் சொல்ல மாட்டேன், ஐயா. பணம் இல்லாத மன்றத்துக்கு அது ஒரு வழிதான். ஆனால் ஜனவரியில் அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணம் இருந்தது.

5. முத்தம்மா எங்கள் நெடுநாள் உறுப்பினர். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. தினமும் சைக்கிளை மிதித்துப் போய், முச்சந்தியில் நிறுத்திவிட்டு, தொழிற்சாலைப் பேருந்து ஏறுபவர். அவருடைய மகள் தினேஸ்வரியின் கல்யாணம் எங்கள் மண்டபத்தில் நடப்பதாக, கிருமி வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. ஒவ்வொரு முறை கட்டுப்பாடு வரும்போதும் தேதி தள்ளிப் போனது. மறுபடி பத்திரிகை அடிக்க வசதி இல்லாததால், முத்தம்மா பழைய பத்திரிகையிலேயே புதுத் தேதியை ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டினார். என் வீட்டில் இருக்கும் பத்திரிகையில் அந்த இடம் மட்டும் அட்டைபோல் தடித்துவிட்டது. மாப்பிள்ளைப் பையன் பொறுமைசாலி. வேறொருவன் என்றால் சோதிடரை மாற்றியிருப்பான்.

6. பொதுக்கூட்டத்தை முதலில் இணையவழியில் நடத்திப் பார்த்தோம். திரு. சீனி கைப்பேசியை மேசையில் மல்லாத்தி வைத்துவிட்டார். ஆகவே நாங்கள் எல்லாரும் அவர் வீட்டு மின்விசிறியைப் பார்த்தே பேச வேண்டியிருந்தது. எவரோ ஒருவர் வீட்டுச் சேவல், தலைவர் உரையின்போது விடாமல் கூவியது. அது யார் வீட்டுச் சேவல் என்று விசாரிப்பதிலேயே கூட்டம் முடிந்தது.

மன்றத் திடலில் அவரவர் வாகனத்தில் இருந்தபடியே கூட்டம் நடத்தலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். தள்ளி நிற்கலாம், முகக்கவரியும் போட்டுக்கொள்ளலாம், யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. ஆதரிப்பவர்கள் ஹார்ன் அடிப்பது, எதிர்ப்பவர்கள் விளக்கைப் போடுவது என்று விதியும் வகுத்தோம். எல்லாரும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள்.

7. கூட்டத்தன்று மாலை வானம் மூடிக்கொண்டு வந்தது. திரு. சீனி தம் லாரியின் பின்புறத்தில் ஏறி ஒலிபெருக்கியோடு நின்றார். கார்கள் வரிசையாக நின்றன. மோட்டார் சைக்கிளில் வந்தவர்களைப் பின்னால், மழைமரத்தடியில் நிறுத்தச் சொன்னார்கள். முத்தம்மாவின் சைக்கிளும் அங்கேதான் நின்றது. கிடங்கை எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த மரத்தடியில்தான் இருந்தார்கள் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். மண்டபம் யாருக்குத் தேவையோ அவர்களிடம் கார் இல்லை.

8. வாக்கெடுப்பு தொடங்கியது. இங்கே என்னைப் பற்றிய ஓர் உண்மையையும் தெரிவிக்க வேண்டும். நான் கிடங்கை எதிர்ப்பவன். விளக்கைப் போட வேண்டிய என் கை, பதற்றத்தில் ஹார்னை அழுத்திவிட்டது. அழுத்திய ஹார்ன் அப்படியே சிக்கிக்கொண்டது. குத்திப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த என் மனைவி இருதயமேரி தம் செருப்பால் ஓர் அடி அடித்துப் பார்த்தார். அது நிற்கவில்லை. லாரி மேல் நின்ற திரு. சீனி கையை உயர்த்தி, “பாருங்க, செக்ரட்டரியே எப்படி ஆதரிக்கிறாருன்னு!” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். திடலே சிரித்தது. ஐயா, என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாக ஒரு தவறான கருத்தைச் சொன்னதில்லை.

9. பிறகு விளக்குகளை எண்ணும் முறை வந்தது. கார் விளக்குகளை மட்டும் எண்ணிவிட்டுத் தலைவர் நிறுத்திக்கொண்டார். மரத்தடியில் இருந்தவர்கள் கூச்சல் போட்டதும், “மோட்டார் லைட்டு எப்பவும் எரிஞ்சுகிட்டுதான் இருக்கும். நீங்க எதிர்க்கிறீங்களா, சும்மா எஞ்சின் போட்டிருக்கீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்லா?” என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்கு விடை, அவர்களைக் கேட்பது. எண்ணாமல் விடுவதல்ல.

அப்போது முத்தம்மா தம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். மணியை அடித்தார்.

“அக்கா, பெல்லு ரூல்ல இல்ல. லைட்டு போடணும்” என்றார் தலைவர்.

“இது டைனமோ லைட்டு. ஓட்டினாதான் எரியும்.”

“அப்ப என்ன செய்யிறது?”

“ஓட்டறேன், பாரு.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி மிதித்தார், ஐயா. லாரியைச் சுற்றி, கார்களைச் சுற்றி, திடல் முழுவதும். அந்தச் சின்ன விளக்கு மங்கலாக எரிந்து, மேட்டில் அணைந்து, இறக்கத்தில் பளிச்சென்று எரிந்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் எஞ்சினை அணைத்து அணைத்துப் போட்டு விளக்கை மினுக்கினார்கள். ஹார்ன் அடித்து ஆதரித்தவர்களில் சிலர்கூடக் கண்ணாடியை இறக்கிக் கைதட்டினார்கள். என் ஹார்னும் இன்னும் நிற்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அது சரியான பக்கத்தில் இருந்ததாக எனக்குப் பட்டது.

அதற்கும் தலைவர், “ஓடுற வண்டிக்கு ஓட்டு கெடையாது” என்று தீர்ப்பளித்தார். முத்தம்மா ஒரு காலை ஊன்றி நின்று, “சந்தா வாங்கறப்ப நான் எதுல வந்தேன்னு கேட்டியா?” என்றார். பதில் வருவதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. தீர்மானம் நிறைவேறியது என்று ஒலிபெருக்கியில் கத்திவிட்டு, திரு. சீனி லாரியின் முன்புறத்துக்குள் ஓடி ஏறிக்கொண்டார். முத்தம்மா நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

10. மறுநாளே இம்மனுவை எழுத உட்கார்ந்தேன். ஆனால் வேறு எங்கோ போய் எனக்குத் தொற்று வந்துவிட்டது. இப்போது வீட்டுத் தனிமையில் இருக்கிறேன். இலேசான காய்ச்சல்தான், கவலைப்பட ஒன்றுமில்லை. இருதயமேரியையும் வெளியே விடுவதில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் வாசல் கேட்டில் ஒரு தூக்குச் சட்டி தொங்குகிறது. தொங்கவிடுபவர், இம்மனுவில் குற்றம்சாட்டப்பட்டுள்ள திரு. சீனிதான். சட்டியை மாட்டிவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று கூப்பிடுவார். முந்தாநாள் நடந்ததை அப்படியே தருகிறேன். வழக்குக்கு இது தேவை.

“மச்சான், கஞ்சி வச்சிருக்கேன். ஆறதுக்குள்ள எடு.”

“நீ கஞ்சி குடுத்தாலும் மனு போவும்.”

“போவட்டும்லா. நான் எதுக்கு அப்படிச் செஞ்சேன்னு ஒரு நாளாவது கேட்டியா? அந்தக் கூரைய நான் ஏறிப் பாத்தேன். மரச்சட்டமெல்லாம் இத்துப் போச்சு. தாலி கட்டுற நேரத்துல அந்தப் புள்ள தலையில உழுந்தா யாரு பதில் சொல்றது?”

“இத கூட்டத்துல சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்ல விட்டியா? உன் ஹார்னுதான் நிக்கவே இல்லியே!”

எனக்குச் சிரிப்பு வந்து, இருமல் வந்து, இருதயமேரி உள்ளேயிருந்து திட்டும்வரை இருவரும் சாலையின் இரண்டு பக்கமும் நின்று சிரித்தோம். ஆனால் சிரித்ததால் புகார் தீர்ந்துவிடாது என்றும் அவரிடம் சொல்லிவிட்டேன். கூரையைப் பற்றிய அவருடைய பயம் நியாயமானது. ஆனால் அதற்காக முத்தம்மாவின் வாக்கை எண்ணாமல் விட்டது நியாயமில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது.

11. ஆகவே நான் தங்களிடம் வேண்டுவது இவ்வளவுதான். அன்றைய தீர்மானம் செல்லாது என்று எழுத்தில் தெரிவியுங்கள். காரில் வந்தாலும், சைக்கிளில் வந்தாலும், நடந்தே வந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்று எங்களுக்கு அறிவுறுத்துங்கள். மறு கூட்டம் இம்மாத இறுதிக்குள் நடக்க உத்தரவிடுங்கள். ஏனென்றால் கல்யாணம் நெருங்குகிறது. அந்தப் பத்திரிகையில் இன்னொரு தாள் ஒட்ட இடமில்லை. கையை உயர்த்தி வாக்களிக்கும் பழைய முறையே போதும். அதில் சிக்கிக்கொள்ள ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு விஷயம். நான் வெளியே வரக்கூடாது என்பதால், இம்மனுவைத் தங்களிடம் நேரில் கொண்டுவருபவர் திரு. சீனியே. “யாரு கொண்டு போறா? குடு, ஈப்போவுக்குத்தான் போறேன்” என்று அவராகவே முன்வந்திருக்கிறார். உறையை நான் ஒட்டவில்லை. தொற்று உள்ளவன் நாக்கால் ஒட்டிய உறையைத் தங்களுக்கு அனுப்புவது முறையல்ல. ஆகவே வழியில் அவர் இதைப் படித்துவிடுவார். படிக்கட்டும். லாரி ஓட்டி வருபவருக்குத் தயவுசெய்து உட்கார நாற்காலி கொடுங்கள். சர்க்கரை நோய் இருப்பதால் தண்ணீர் மட்டும் போதும், எவ்வளவு கெஞ்சினாலும் தேத்தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

நல்ல பதிலை எதிர்பார்த்து, வாசல் கேட்டைப் பார்த்தபடி இருக்கும்,

(ச. அந்தோணிமுத்து)
செயலாளர்

இடம்: செமோர்
நாள்: 18 நவம்பர் 2021

கொண்டுவருபவரின் குறிப்பு:

ஐயா, மேற்கண்ட மனுவை ஜெலாப்பாங் பக்கம் லாரியை நிறுத்திப் படித்தேன். எல்லாம் உண்மை. மின்விசிறி விஷயத்தை எழுதியிருக்க வேண்டியதில்லை. மறு கூட்டம் நடத்த எனக்கு முழுச் சம்மதம், எல்லாருடைய வாக்கையும் எண்ணுகிறேன். முத்தம்மா அக்காவிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். ஆனால் நான் மறுபடியும் கிடங்குக்குத்தான் கை தூக்குவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது என் கருத்து. அநேகமாகத் தோற்றுவிடுவேன். அதனால் திரும்பிப் போகும்போது லாரி காலியாகப் போகாமல், கூரைக்குத் தகரமும் மரச்சட்டமும் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

ரா. சீனி
தலைவர்