உன் மணியைத் தாங்கும் வெல்டிங்

இன்று காலை உங்கள் ஊர் பாகாலாவில் ரயிலைவிட்டு இறங்கிக் கோயிலுக்கு நடந்தபோது, ஒரு பட்டறையிலிருந்து வெல்டிங் புகை வந்தது. கருகிய வெல்டிங் ராடின் வாடை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. கையில் துளசிக் கூடையோடு பட்டறை வாசலில் நிற்பவளை உள்ளே இருந்தவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள். ஸ்ரீசிட்டித் தொழிற்சாலையில் எஞ்சினீயர் வேலை முடிந்து திருப்பதி வீட்டுக்கு நீ வந்து நுழையும்போது உன் துப்பட்டாவில் இருக்கும் வாடை அது.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். நீ சமையலறைத் தரையில் டிசைன் தாள்களைப் பரப்புவாய். பத்தாவதோடு நின்ற என்னிடம், வீட்டுக் கணக்கில் பிசக மாட்டேன் என்ற நம்பிக்கையில், உன் பெருக்கல்களைச் சரிபார்க்கக் கொடுத்தாய். சரிபார்த்துச் சரிபார்த்தே எனக்கும் விளங்கிவிட்டது. இரண்டு தகடு சேரும் மூலையில் வெல்டிங் முக்கோணமாக நிற்கும். அதில் மிக ஒல்லியான இடம்தான் கழுத்து. பாரம் முழுவதும் அதன் மேல்தான்.

"எடை எவ்ளோன்னு மட்டும் கேக்காத அண்ணி. தூண்லருந்து எவ்ளோ தள்ளித் தொங்குதுன்னு கேளு. கொடத்த இடுப்புல வெச்சிக்கினு போறதும், கைய நீட்டித் தூக்கிக்கினு போறதும் ஒண்ணா?" என்பாய்.

நீ நோயில் போன பிறகு, உன் பெயர் பொறித்த வெண்கல மணி ஒன்றை உன் அண்ணன் உங்கள் ஊர்ப் பெருமாளுக்குச் செய்தார். மண்டபத் தூணிலிருந்து ஓர் இரும்புத் தாங்கியை நீட்டி, தீர்த்தத்துக்கு ஜனம் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே மாட்டுவதாக ஏற்பாடு. கணக்கு நான்தான் போட்டேன். கயிற்றை இழுக்கும்போது கூடும் பாரத்தையும் சேர்த்தேன். தாராளமாகத் தாங்கும் என்று வந்தது.

குடமுழுக்கான சம்ப்ரோக்ஷணத்துக்கு முந்தின நாள், தாங்கிக்கு மஞ்சள் குங்குமம் வைக்கப் போனேன். விரல் வழுக்கியது. வெல்டிங்கைக் கண்ணாடிபோல இழைத்துவிட்டிருந்தார்கள்.

"ஏம்பா இத இப்பிடித் தேச்ச?"

"சாமிக்குப் போறது, கரடுமுரடா இருக்கலாமாம்மா? உங்க வீட்டு சார்தான் நைஸா பண்ணச் சொன்னாரு" என்றார் வெல்டர்.

தாளும் பேனாவும் வேண்டியிருக்கவில்லை. கழுத்தில் கால்பங்குகூட மிஞ்சவில்லை. அப்படியானால் அங்கே ஏறும் ஸ்ட்ரெஸ், அந்த ஒல்லி இடம் தாங்கவேண்டிய அழுத்தம், நான்கு பங்குக்கும் மேல்.

"மாட்ட வேணாங்க" என்றேன்.

உன் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்கு மொத மணி அவ பேர்ல அடிக்கணும்னுதான இம்மாம் பாடு!"

"கீழ கொழந்தைங்க நிப்பாங்க."

பக்கத்தில் இருந்த கோயில் கமிட்டிப் பெரியவர் சிரித்தார். "எஞ்சினீரம்மா, பெருமாள் பாத்துக்க மாட்டாரா?"

"பாத்துக்குவாரு. அதுக்காக எல்லாத்தையும் அவரு தலைல கட்டலாமா?"

மறுநாள் பட்டர் கைமணியைத்தான் அடித்தார். உன் மணி மஞ்சள் துணி சுற்றி மூலையில் உட்கார்ந்திருந்தது. உன் அண்ணன் அதன் பக்கத்திலேயே நின்று அழுதார். நானும் சேவிக்க வந்தவள் மாதிரியே இல்லை. எப்போது வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்றிருந்தது.

அப்புறம் புதிதாக வெல்டிங் வைத்து, தேய்க்காமல் மாட்டினார்கள். மீன் செதில்போல வரிவரியாகத் தெரிகிறது. அழகில்லை என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். "அவ இருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பா" என்று உன் அண்ணன் இன்னமும் சொல்கிறார். நீ மாட்டவிட்டிருக்க மாட்டாய். அதைச் சொல்லி வாதாட எனக்குத்தான் அலுப்பாக இருக்கிறது.

இன்று உன் மணி அடித்தபோது அதன் அடியில்தான் நின்றேன். பெருமாளை எப்போதும் பாதத்திலிருந்து சேவித்துப் பழகியவள் நான். இப்போதெல்லாம் முதலில் அண்ணாந்து அந்த வெல்டிங்கைப் பார்க்கிறேன். கீறல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கை கூப்ப வருகிறது.