பூட்டி வைத்திருந்த டெஸ்ட் படங்கள்

என் சாந்திக்கா,

நாளை உன் வருஷத் திதி. பூமாலை சாத்த உன் படம் வேண்டுமென்று உங்கம்மா கிள்ளானிலிருந்து போன் செய்தார். "ஐசி கார்டு படத்தப் பெருசாக்கினா திருட்டு முழி முழிக்கிறா லா. ரெண்டு பேரும் கல்யாணம் கல்யாணமா படம் எடுக்கப் போனீங்களே, சிரிச்ச மாதிரி ஒன்னுகூடவா இல்ல?"

இருந்தன, அக்கா. நான் அழித்துவிட்டேன்.

யார் போனை நீட்டினாலும் கையால் முகத்தை மறைத்துக்கொள்வாய். கல்யாணப் பெண் வருமுன் வெளிச்சம் பார்க்க மட்டும் மணவறை நாற்காலியில் உட்காருவாய். "சீக்கிரம் எடுடி, பொண்ணு வந்து எழுப்பி விட்ருவா" என்று சிரிப்பாய். டெஸ்ட் படம்தானே, வேலை முடிந்ததும் குப்பைக்குத்தான் போகும் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் நம் பிரிக்பீல்ட்ஸ் ஸ்டூடியோவில் ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது. 'டெஸ்ட்' என்றொரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. திறந்துகூடப் பார்க்கவில்லை. இவை பூட்டப்பட்ட படங்கள், இருந்தாலும் அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. முன்பு ஒரு கல்யாணப் படங்களை நான் தவறி அழித்ததிலிருந்து எல்லாவற்றையும் பூட்டி வைப்பாயே. செத்த பிறகுமா என் கையை நம்பவில்லை? எல்லாவற்றுக்கும் இதே பதில் என்று குறியிட்டு, 'ஆம்' என்று அழுத்தினேன். அந்த இடத்தில் புதுக் கல்யாணம் ஒன்றை ஏற்றினேன்.

உங்கம்மா கேட்ட பிறகுதான் அவை நீ உட்கார்ந்த படங்கள் என்று உறைத்தது. அழிந்த படங்களை மீட்டுத்தரும் கடைக்கு ஓடினேன். "லாக் பண்ண ஃபைலாச்சே அக்கா, கேக்காமலா அழிச்சிச்சு?" என்றார் கடைக்காரர்.

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

ஒரே ஒரு படம், அதுவும் பாதி வந்தது. மேலே மணவறை வளைவும் உன் நெற்றியும். கீழே வெறும் சாம்பல் நிறம்.

"கல்யாணமா, எனக்கா? கேமராவ யாரு புடிப்பா?" என்று எல்லார் வாயையும் அடைத்தவள் நீ. பிறகு எதற்கு அத்தனை மணவறைகளையும் சேர்த்துப் பூட்டினாய்? பூட்டத் தெரிந்த உனக்கு, பக்கத்து மேசையில் இருந்த என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? சொல்லும்படி நான் இருந்தேனா?

டிஸ்க் கெட்டுவிட்டது என்று உங்கம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன். நாளை அந்த அடையாள அட்டைப் படத்துக்கு மாலை விழுமுன் சொல்லிவிடுவேன்: அது கெடவில்லை, என்னைக் கேட்டது, நான்தான் ஆம் என்றேன்.

உன் கூடப்பிறக்காத தங்கை,
கலா